பதினெட்டாம் மலைக் கவுச்சி

மாலை போட்ட வீட்டில் மீன் வாடை அடித்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? கார்த்திகை பிறந்து இருபத்தோராம் நாள். விடிகாலையில் குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு, "சாமியே சரணம்" என்று புருஷன் காளை வாசற்படி ஏறியபோதுதான் மீனாவின் மூக்கில் அது முதன்முதலாக ஏறியது. குழம்பு வாடை இல்லை, வறுவல் வாடையும் இல்லை. சந்தையில் விற்காமல் ரெண்டு நாள் கிடந்த மீனைக் கழுவிய தண்ணீரின் வாடை. முதலில் அவள் பூனையைத்தான் சந்தேகப்பட்டாள். எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று அடுப்புக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. சுக்குமல்லிக் காப்பியை அவனிடம் நீட்டியபோது மறுபடியும் அடித்தது. வாடை அவன் மேலிருந்துதான் வந்தது.

காளை மினி பஸ் டிரைவர். நாகமலைப் புதுக்கோட்டையில் எடுத்து, வழியிலுள்ள கிராமங்களையெல்லாம் சுற்றிக்கொண்டு திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்துவான். மற்ற மாதங்களில் அவன் குடிக்காத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கார்த்திகை முதல் தேதி கழுத்தில் துளசி மாலை ஏறிவிட்டால் ஆளே வேறு. தனிப் பாய், தனித் தட்டு, ரெண்டு வேளைக் குளியல். சமைந்த மகளை அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொடாமல் ஒதுங்கிப் படுத்திருக்கிற அந்த நாற்பத்தெட்டு நாளில்தான், தனக்குப் புருஷன் என்று ஒருத்தன் இருப்பதாக மீனாவுக்குத் தோன்றும்.

2003-ஆம் வருஷம் அவனுக்குப் பதினெட்டாவது மலை. தென்னங்கன்று சுமந்துபோய் அங்கே வைத்துவிட்டு வந்தால் காளைச்சாமி காளை குருசாமி ஆகிவிடுவான். "குருசாமி ஆனவன் குடிக்கக் கூடாது மீனா. இதோட விட்டுர்றேன்" என்று அவனே சொல்லியிருந்தான். அவள் கேட்காமலே சொன்னது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இதற்கு நடுவில் ஈரல் சமாச்சாரம் ஒன்று இருந்தது. ஆடி மாதம் மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், ஈரல் வீங்கிப்போயிருக்கிறது என்று எச்சரித்திருந்தார். மீனாவின் தம்பி ஜெயபாண்டி, கழுத்தில் டை கட்டிக்கொண்டு சத்துப் பொடி விற்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தான். அவன் பையோடு தெருவில் வந்தாலே சொந்தக்காரர்கள் வீட்டில் ஆள் இல்லாத மாதிரி உட்கார்ந்துகொள்வார்கள். கார்த்திகை பாதியில் அவன் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான்.

"தெனமும் ஒரு ஸ்பூனு மச்சான். ஈரலக் கழுவி வெள்ளாட்டங்குட்டி ஈரல் கணக்கா ஆக்கிரும்."

காளை டப்பாவைத் தொடக்கூட இல்லை. "கம்பெனிக்காரன் மீன் எண்ணெயக் கலந்திருந்தாலும் கலந்திருப்பான் மாப்ள. மலைக்குப் போயிட்டு வந்து பாத்துக்கிருவோம்."

ஜெயபாண்டி டப்பாவிலிருந்த பச்சைப் புள்ளியைக் காட்டினான். எல்லாம் சோயாவிலிருந்து எடுத்தது என்று தலையிலடித்துச் சொன்னான். காளை மசியவில்லை. மீனாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. குடிக்காத இந்த நாளில் ஈரல் தேறாவிட்டால் வேறு எந்த நாளில் தேறும்? மறுநாளிலிருந்து விடிகாலைக் காப்பியில் அவனுக்குத் தெரியாமல் ஒரு ஸ்பூன் கலந்தாள். கருப்பட்டி இனிப்பில் ஒன்றும் தெரியவில்லை. டப்பாவைப் பார்த்தால் சண்டைக்கு வருவான் என்று, தான் வேலை பார்க்கிற பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியின் மெஸ்ஸில், பருப்பு டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஒரு டப்பியில் வீட்டுக்கு எடுத்து வருவாள்.

வாடை வந்த அன்று அந்தப் பொடியையும் அவள் மோந்து பார்க்காமல் இல்லை. அதில் ஒரு வாடையும் கிடையாது. பொடி மேலிருந்த சந்தேகம் அத்தோடு தீர்ந்து, நேராகப் புருஷன் மேல் போய் உட்கார்ந்தது.

நாலு நாள் உளவு பார்த்தாள். கறுப்பு வேட்டியைத் துவைக்குமுன் மோந்து பார்த்தாள். சட்டைப் பையில் மீன் முள் கிடக்கிறதா என்று தேடினாள். முள்ளைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவன் எவனாவது உண்டா என்று அவளுக்குத் தோன்றவில்லை. வாயிலும் அடித்தது, வேர்வையிலும் அடித்தது. மீன் தின்றவனுக்கு வாய் நாறலாம், வேர்வையுமா நாறும்? அந்தக் கேள்வி வந்த வழியே போய்விட்டது. சந்தேகப்பட்டுவிட்ட மனசு தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்து வைத்துக்கொள்ளும்.

அதற்குள் ஊரும் மோந்துவிட்டது. தினமும் சாயங்காலம் வீரணன் குருசாமி வீட்டில் பஜனை. பதினாறு சாமிமார், பெண்கள் சுவரோரமாக நிற்பார்கள். அன்றைக்குக் காளை உட்கார்ந்த இடத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு வெற்றிடம் விழுந்திருந்தது. தீபாராதனை முடிந்ததும் குருசாமி தொண்டையைச் செருமினார்.

"காளைச்சாமி, தப்பா நெனக்காதீக. ஒங்க மேல கவுச்சி அடிக்குது. நாலு சாமிமாரு வந்து சொன்னாக. இன்னைக்கு நானே பாத்துட்டேன். எங்க சாப்பிடுறீக?"

"வீட்லதான் சாமி. எம் பொண்டாட்டி கையாலதான். பச்சத் தண்ணிகூட வெளிய குடிக்கிறதில்ல."

எல்லாத் தலைகளும் மீனா பக்கம் திரும்பின. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் வாய் திறக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைக் காளை பார்த்தான்.

"பதினெட்டாம் மலை சாமி, வெளையாட்டில்ல. இருமுடி கட்டுற அன்னைக்கும் இது அடிச்சுச்சுன்னா நான் கட்டிவிட மாட்டேன்" என்றார் குருசாமி.

இருமுடி கட்ட இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மறுநாளே மீனா லீவு போட்டுவிட்டுத் திருமங்கலத்துக்குப் பஸ் ஏறினாள். அவன் பஸ்ஸில் இல்லை, வேறு பஸ்ஸில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தங்கப்பொண்ணு என்கிறவள் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். அயிரை மீன் குழம்புக்குப் பேர் போன கடை. மாலை போடாத நாள்களில் காளைக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அவளுக்குப் புருஷன் என்று யாரும் கிடையாது என்பதையும் மீனா எப்போதோ விசாரித்து வைத்திருந்தாள்.

போய் நின்றவுடனே தங்கப்பொண்ணு சிரித்தாள். "காளைச்சாமி வீட்டுக்காரவுகதான? வாங்க, உக்காருங்க."

"அவரு இங்கிட்டு வாராரா?"

"எங்கிட்டு வாராரு? மாலை போட்டதுலருந்து இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. பஸ்ஸ அந்தாக்க நிப்பாட்டிட்டு, கொண்டாந்த தூக்குவாளியத் தெறந்து தனியா உக்காந்து சாப்பிடுறாரு. அம்புட்டுப் பக்தி. நீங்க கொஞ்சம் சாப்பிடுறீகளா?"

"எங்க வீட்ல விரதம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மீனா திரும்பினாள். வருகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. இதுவரை பார்த்தே இராத தன்னை அவளுக்கு எப்படி அடையாளம் தெரிந்தது? தூக்குவாளியில் சாப்பிடுவதுவரை உன்னிப்பாகக் கவனிக்கிறவள் எதற்காகக் கவனிக்கிறாள்? கேட்டதற்கு மேல் இத்தனை விளக்கம் எதற்கு? உண்மை பேசுகிறவள் இவ்வளவு பேச மாட்டாள் என்று முடிவு கட்டினாள். அவள் பேசாமல் இருந்திருந்தால் அதையும் திருட்டு முழி என்றுதான் சொல்லியிருப்பாள்.

மெஸ்ஸில் காய் நறுக்குகிற இருளாயியிடம் மட்டும் வாய்விட்டு அழுதாள். இருளாயி கத்தரிக்காயைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னாள்.

"அவன் திங்கலடி. அவ மருந்து வச்சுட்டா. அது உள்ள கெடந்து அழுகுது."

ஆம்பிளையைத் தன் பிடிக்குள் கொண்டுவர, சோற்றிலோ தண்ணீரிலோ தெரியாமல் எதையாவது கலந்து கொடுப்பதைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்று பேச்சு. வெளியில் சிரித்துவிட்டு உள்ளுக்குள் நம்புகிறவர்கள்தான் அதிகம். அதை உறிஞ்சி எடுக்க ஒரு ஆள், பெயர் மொக்கையன், சோழவந்தானில் இருந்தான்.

காளை மறுப்பான் என்று நினைத்தாள். அவன் மறுக்கவில்லை. "எனக்கு ஒரு வாடையும் தெரியல மீனா. ஆனா பஸ்ல எனக்குப் பின்னால இருக்கிற சீட்டு காலியாவே வருது. என்ன எளவா இருந்தாலும் போகட்டும், வாரேன்" என்றான். சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பரிதாபத்துக்கு நடுவிலும் மனசின் ஒரு மூலை, எவ்வளவு நன்றாக நடிக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

மொக்கையன் வீடு வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டி இருந்தது. காளையைப் பாயில் படுக்கவைத்து, தொப்புளுக்குக் கீழே ஒரு பித்தளைக் குழாயை ஊன்றி, கன்னம் ஒட்ட உறிஞ்சினான். பிறகு வெற்றிலையில் எதையோ துப்பிக் காட்டினான். புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஏதோ கிடந்தது. அது அவன் வாயில் எப்போது ஏறியது என்று கவனிக்க யாருக்கும் தோன்றவில்லை.

"பொம்பள கை" என்றான் மொக்கையன். "குடிக்கிற பொருள்ல கலந்து, வெறும் வயித்துல, கொஞ்சங் கொஞ்சமாப் பல நாளாக் குடுத்துருக்கா. தெரிஞ்ச கைதான், தெரியாத கை இல்ல. எடுத்தாச்சு. உள்ள புண்ணா இருக்கும், ஊட்டமா ஏதாச்சும் குடுங்க."

மீனாவுக்குத் தங்கப்பொண்ணுவின் சிரிப்புதான் கண்ணில் வந்து நின்றது. டீயில் கலந்திருக்கிறாள் பாவி! தன் வீட்டுக் காப்பி டம்ளர் அவள் நினைவுக்கே வரவில்லை. தான் கலப்பது அக்கறை, அடுத்தவள் கலப்பதுதான் மருந்து. ஊட்டமாகக் கொடுக்கச் சொல்கிறானே என்று, அடுத்த நாளிலிருந்து ஒரு ஸ்பூனை மூன்றாக்கினாள்.

வாடை போகவில்லை. போகாதது மட்டுமில்லை, ஊரைத் தூக்கியது. கண்டக்டர் விடுவித்துக்கொண்டு வேறு பஸ்ஸுக்குப் போய்விட்டான். பஜனையில் காளை தானாகவே வாசலுக்கு வெளியில் உட்கார ஆரம்பித்தான். உள்ளே சரணம் சொன்னால் இவன் வெளியிலிருந்து சொன்னான். மீனா அவனிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கேட்காத கேள்வி வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. ஒரு நாள் அவனே கேட்டான்: "நீயும் நம்பல, அப்படித்தான?" அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

இப்படியே மார்கழியில் அந்தச் சனிக்கிழமையும் வந்தது. மறுநாள் காலையில் இருமுடி. மத்தியானம் மெஸ்ஸில் மீனா சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது வரிசையில் இந்துப்ரியா வந்தாள். ஆராய்ச்சி மாணவி, மதுரையில் முட்டைகூடச் சேர்க்காத சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். அவள் தட்டை நீட்டியதுதான் தாமதம், மீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வாடை. துளியும் மாறாமல் அதே வாடை.

முட்டை வைத்த கரண்டியைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற பெண்ணுக்கு மீன் எங்கே கிடைத்தது? காளையின் மினி பஸ்ஸில் அவளும் எப்போதாவது ஏறுவாளோ என்றுகூட ஒரு நிமிஷம் மனசு போனது. மீனா தன் தலையிலேயே ஒரு குட்டுக் குட்டிக்கொண்டு, நேராகக் கேட்டுவிட்டாள்.

"பாப்பா, கோவிச்சுக்கிறாதீக. மீனு சாப்ட்டீகளா?"

இந்துப்ரியா சட்டைக் கையை மோந்து பார்த்துச் சிரித்தாள். "ஐயோ, குளிச்சும் போகலையா? லேப்ல ஒரு குப்பியைத் திறந்தேன்க்கா, அது ஒட்டிக்கிச்சு. மனுஷங்க வயித்துல இருக்கிற பாக்டீரியாவை வளர்த்து, கோலின்னு ஒரு சத்தை அதுக்குப் போடுறேன். அது அந்தச் சத்தை உடைச்சுத் தின்னுட்டு ஒரு வாயுவை விடும். அந்த நாத்தம்தான் இது. மீன் கெட்டுப்போனா வர்றதும் இதே வாயுதான்."

"சத்தா? அது எதுல இருக்கும் பாப்பா?"

"முட்டையில, சோயாவுல எல்லாம் இருக்கு. இப்பதான் கல்லீரலுக்குன்னு பொடியாவே விக்கிறாங்களே."

கரண்டி சாம்பார் வாளிக்குள் விழுந்தது. மீனா ஸ்டோர் ரூமுக்கு ஓடி, பருப்பு டின்னைத் தள்ளிவிட்டு டப்பாவை எடுத்து வந்தாள். இந்துப்ரியா அதைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"முக்கால்வாசி அதேதான்க்கா. யார் சாப்பிடுறாங்க? எவ்வளவு போடுறீங்க?"

"வீட்டுக்காரருக்கு. மூணு ஸ்பூனு. மொத ஒண்ணுதான் போட்டேன்."

"மூணா? கொஞ்சமாப் போனா, அந்த வாயுவை ஈரலே மாத்தி வாடை இல்லாம ஆக்கிடும். எல்லார் வயித்துலயும் ஒரே பாக்டீரியா இருக்காது. சிலருக்கு ஒண்ணும் ஆகாது, சிலருக்கு நிறைய வரும். இவருக்கு ஈரலும் சரியில்லை, நீங்க அளவையும் ஏத்திட்டீங்க. அப்புறம் மூச்சு, வேர்வை எல்லாத்துலயும் வராம என்ன செய்யும்? உடனே நிறுத்துங்க. டாக்டர்கிட்டயும் காட்டுங்க."

"நிப்பாட்டிட்டா?"

"நாலஞ்சு நாள்ல போயிடும்."

"நாளைக்குக் காலையில போயிருமா பாப்பா?"

"நாளைக்கா? வாய்ப்பே இல்லக்கா."

அஞ்சு நாள் மட்டும் கையில் இருந்திருந்தால் மீனா என்ன செய்திருப்பாள் என்பதை மறைப்பதில் பிரயோசனமில்லை. டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். வாடை தானாகப் போயிருக்கும். மொக்கையனுக்குப் பெயர் கிடைத்திருக்கும், பழி தங்கப்பொண்ணு தலையிலேயே இருந்திருக்கும். ஆனால் இருந்தது ஒரே ஒரு ராத்திரி. வாயைத் திறந்தால், புருஷனுக்கு மருந்து வைத்தவள் என்ற பெயர் சாகிறவரை போகாது. திறக்காவிட்டால் அவன் பதினெட்டாம் மலை போய்விடும். அதோடு, இனிக் குடிக்க மாட்டேன் என்ற வார்த்தையும் போய்விடும். சாயங்காலம் மூன்று தடவை அவனிடம் வாயெடுத்தாள். மூன்று தடவையும் "தோசை ஊத்தவா சாமி?" என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குருசாமி வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. பதினைந்து பேருக்கு இருமுடி கட்டியாயிற்று. கடைசியாகக் காளை, தென்னங்கன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். குருசாமி கிட்டே குனிந்தார். நிமிர்ந்தார். தலையை ஆட்டினார்.

"மனசு கேக்கல சாமி. ஆனா கட்ட மாட்டேன். எந்திரிங்க."

காளை எழுந்திருக்கவில்லை. அப்போது மீனா, பெண்கள் நின்ற இடத்தை விட்டு நடுமுற்றத்துக்கு வந்து டப்பாவைத் தரையில் வைத்தாள்.

"அவரு ஒண்ணுந் திங்கல சாமி. நான் குடுத்தேன். ஈரலுக்கு நல்லதுன்னு தெனமும் காப்பியில கலந்து குடுத்தேன், அவருக்குத் தெரியாம. இதுல கவுச்சி எதுவும் இல்ல, பச்சப் புள்ளி போட்டிருக்கு. வயித்துல இருக்கிற பூச்சி இத ஒடச்சு அந்த வாடைய விடுதாம். யுனிவர்சிட்டில படிக்கிற பொண்ணு சொல்லுச்சு. அந்தத் திருமங்கலத்துக்காரி மேலயும் குத்தமில்ல. எல்லாம் எங் கைதான்."

சுவரோரத்தில் யாரோ, "அப்ப மருந்து வச்சது வீட்டுக்காரிதானா!" என்றாள். ரெண்டு மூன்று பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மீனாவுக்குக் காதெல்லாம் எரிந்தது. இருந்தாலும் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

சாமிமாரில் பாலசுந்தரம் என்று ஒரு சயின்ஸ் வாத்தியார் இருந்தார். குருசாமி டப்பாவை அவரிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு சொல்றது நடக்கக்கூடியதுதான் சாமி" என்றார். குருசாமி டப்பாவைத் திரும்ப வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அறியாம வயித்துக்குள்ள போனதுக்குச் சாமி மேல குத்தமில்ல. பையக் கொண்டாங்க."

சரண கோஷம் முற்றத்தை நிறைத்தது. மீனாவுக்குக் கண் மறைத்துக்கொண்டு வந்தது. மூன்று வாரமாக அவள் இப்படி நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. தேங்காயில் நெய் நிறைத்து, முடிக்குள் வைத்தாயிற்று. இனி வீட்டார் மூன்று பிடி அரிசி போட வேண்டும். அவள் தாம்பாளத்திலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். காளை பையின் வாயை விரித்துப் பிடித்திருந்தான். அவள் கை கிட்டே வந்ததும் பையின் வாயை இறுக்கிக்கொண்டான்.

"கைய விரி" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். மீனா விரித்தாள். உள்ளங்கையில் அரிசிதான் இருந்தது. அவன் அதை ஒரு விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, பையைத் திறந்தான்.

ரெண்டாவது பிடிக்கும் மூன்றாவது பிடிக்கும் அவன் கேட்கவில்லை. அவளே விரித்துக் காட்டினாள்.